பணக்கவலைக்கு ஒரு வியாழக்கிழமை நோட்டு

மாதச் சம்பள வீடுகளில் பணக்கவலை இரண்டு விதமாகத் தெரியும். ஒருவர் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டீக்கடையில் காசு கொடுத்ததும் பார்ப்பார், பஸ்ஸில் பார்ப்பார், படுக்கையிலும் பார்ப்பார். இன்னொருவர் பார்க்கவே மாட்டார். பேங்க் மெசேஜைத் திறக்காமலே தள்ளிவிடுவார், கிரெடிட் கார்டு பில் மெயிலில் படிக்காமலே கிடக்கும். ஒரே வீட்டில் கணவன் ஒரு ரகம், மனைவி இன்னொரு ரகம் என்பதும் உண்டு. இருவருக்குமே தெரியாதது ஒன்றுதான்: கணக்கில் இருக்கும் தொகையில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு ஏற்கெனவே மற்றவர்களுக்குப் போகவேண்டியது.

(யூபிஐ ஆப் ஒன்றில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்புப் பார்க்க முடியாது என்று 2025 ஆகஸ்ட் 1 முதல் வரம்பு இருக்கிறது. சர்வர் பளுவைக் குறைக்க வைத்தது. ஐம்பது என்று ஒரு வரம்பு போடவேண்டி வந்ததே, அதைச் சொல்லுங்கள்.)

கீழே சொல்லும் பழக்கங்கள் வருமானத்தைக் கூட்டாது. வருமானத்தைவிட கட்டவேண்டியது அதிகம் என்றால் அது வேறு பிரச்சினை, கடைசியில் வருகிறேன். வருமானம் ஓரளவு போதுமானதாக இருந்தும் நெஞ்சு படபடக்கிற வீடுகளுக்குத்தான் இது.

முதலில் ஒரு தடவை போடவேண்டிய கணக்கு

கைக்கு 45,000 ரூபாய் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 11,000. பைக் இஎம்ஐ 3,400. சீட்டு 4,000. ஸ்கூல் வேன் 1,600. பால் 1,900. மளிகை, காய்கறி, கேஸ் சேர்த்து 8,000. போனும் நெட்டும் 1,100. கூட்டினால் 31,000. மிச்சம் 14,000 இருக்கிறதே, பிறகு ஏன் இருபதாம் தேதிக்கே கை காய்ந்துவிடுகிறது என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

விட்டுப்போனது வருஷச் செலவு. ஸ்கூல் ஃபீஸ் 36,000. மருத்துவக் காப்பீடு 16,000. தீபாவளி 15,000. மொய் 12,000. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 1,500 என்று கரண்ட் பில் 9,000. பைக் இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,500. மொத்தம் 92,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,700. ஆக, அந்த வீட்டில் கையில் நிற்பது 14,000 இல்லை, 6,300. வாரத்துக்கு ஏறக்குறைய 1,450. பெட்ரோல், மருந்து, ஹோட்டல், பிள்ளைகள் கேட்கும் நோட்டு, பேனா எல்லாம் இதற்குள்தான்.

தொகை குறைந்துவிட்டதே என்று முதலில் வயிற்றைக் கலக்கும். ஆனால் 14,000 இருப்பதாக நினைத்துச் செலவு செய்துவிட்டு ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, 1,450 என்று தெரிந்து செலவு செய்கிற மாதத்தில் பதற்றம் குறைவு. இந்தக் கணக்கை ஞாபகத்திலிருந்து போடாதீர்கள். பாஸ்புக்கையோ ஸ்டேட்மென்ட்டையோ பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்து, 2,000 ரூபாய்க்கு மேல் போன வரிகளை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். மறந்துபோன செலவு எல்லாம் அதில் நிற்கும்: சீமந்தம், பல் டாக்டர், ஊருக்கு ட்ரெயின் டிக்கெட், டயர்.

மொய்யைத் தனியாகச் சொல்லவேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய், தேதி போடாத கடன். அந்த மொய் நோட்டு பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே கிடக்கும். பத்திரிகை வந்த பிறகுதான் எடுத்துப் பார்ப்போம். அதை வருஷத்துக்கு இரண்டு தடவை, தை பிறப்பதற்கு முன்பும் ஆவணி பிறப்பதற்கு முன்பும், எடுத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த இடைவெளி இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள், அதற்கு மேல் எவ்வளவு வைத்துச் செய்யவேண்டும் என்று பென்சிலில் குறித்துவையுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் முன்னே பின்னே போகலாம். ஒரே மாதத்தில் நாலு பத்திரிகை வந்தாலும் தூக்கிவாரிப் போடாது.

இரண்டு அக்கவுண்ட்

சம்பளம் விழும் அக்கவுண்ட்டிலேயே இஎம்ஐயும் போகிறது, அதே அக்கவுண்ட்தான் யூபிஐயிலும் இருக்கிறது என்றால் கவலை தீராது. பூ வாங்கும் இருபது ரூபாயும் வீட்டு வாடகையும் ஒரே குவியலில் கிடக்கின்றன. இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று இஎம்ஐ அக்கவுண்ட்: வாடகை, தவணை, சீட்டு, வேன், பால், போன் எல்லாம் இதிலிருந்து. இதை எந்த யூபிஐ ஆப்பிலும் சேர்க்கக் கூடாது. வாடகையை பேங்க் ஆப்பிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம். இரண்டாவது செலவு அக்கவுண்ட்: இதில்தான் யூபிஐ. மளிகைப் பணமும் வாரத்துக்கு 1,450-உம் இதில். மாதம் முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும், வாரா வாரம் மாற்றுங்கள். வருஷச் செலவுக்கான 7,700 பேங்க் ஆர்டி-யிலோ (மாதா மாதம் போடும் சேமிப்பு) மூன்றாவது அக்கவுண்ட்டிலோ போகட்டும்.

டீ, பஸ், பூ போன்ற சில்லறைக்கு யூபிஐ லைட் நல்லது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் போடாமல் போகும், அதிகபட்சம் 5,000 வரை போட்டுவைக்கலாம். பாஸ்புக்கில் பன்னிரண்டு ரூபாய் வரிகள் நூறு வந்து நிற்காது; பெரிய செலவு கண்ணில் படும். ஆனால் அதில் தானாக டாப்-அப் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சில்லறைக்கு வரம்பு என்பதே இல்லாமல் போகும்.

இப்போது தேதி. கட்டவேண்டிய நாளில் கட்டுவது போதாது, முந்தின நாள் மாலைக்குள் பணம் அக்கவுண்ட்டில் இருக்கவேண்டும். ஈசிஎஸ் என்று நாம் இன்னும் சொல்லும் அந்தத் தானியங்கிப் பிடித்தம் பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். ஐந்தாம் தேதி பதினொரு மணிக்குப் பணம் போட்டால் அதற்குள் பவுன்ஸ் ஆகியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதானே, திங்கட்கிழமை எடுப்பார்கள் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் இந்தப் பிடித்தம் வாரத்தின் ஏழு நாளும், பேங்க் விடுமுறையிலும் நடக்கிறது. பவுன்ஸ் ஆனால் அபராதம் இரண்டு பக்கமும் விழும்: பணம் இல்லை என்று திருப்பிய பேங்க் ஒரு தொகை போடும், கடன் கொடுத்த கம்பெனி ஒரு தொகை போடும். சில கம்பெனிகள் இரண்டாவது தடவையும் அனுப்பிப் பார்ப்பார்கள், அதுவும் திரும்பினால் பேங்க் மறுபடி போடும். 3,400 ரூபாய் தவணைக்கு ஒரே வாரத்தில் ஆயிரத்துக்கு மேல் தண்டம் கட்டுவது இப்படித்தான்.

சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி என்றால் கடன் கொடுத்தவரிடம் தேதியை மாற்றக் கேளுங்கள். சிலர் ஒரு தடவை மாற்றித் தருவார்கள், இடைப்பட்ட நாளுக்கு வட்டி கேட்பார்கள். மாட்டோம் என்றால் ஒரே ஒரு மாதம் சிரமப்பட்டு ஒரு தவணைத் தொகையை இஎம்ஐ அக்கவுண்ட்டில் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் போன மாதச் சம்பளத்திலிருந்துதான் தவணை போகும். எனக்குத் தெரிந்து பதற்றத்தை உடனே குறைக்கும் காரியம் இதைவிட வேறில்லை.

வியாழக்கிழமை

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பத்து நிமிஷம். வியாழன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு பேங்க் இல்லை. இரண்டாம், நாலாம் சனிக்கிழமையும் இல்லை. எதையாவது கேட்கவேண்டும் என்றால் போன் எடுக்க ஆள் இருக்காது. வெள்ளி, செவ்வாயில் பணம் வெளியே கொடுக்காத வீடுகள் நிறைய. வியாழன் காலையில் பார்த்தால் அன்றே போன் செய்யலாம், அன்றே கட்டலாம். நோட்டில் எழுதுவது இவ்வளவுதான்:

வியாழன், 7-ம் தேதி
செலவு அக்கவுண்ட்: 940
இஎம்ஐ அக்கவுண்ட்: 7,100
அடுத்த வியாழனுக்குள்: சீட்டு 4,000 (10), வேன் 1,600 (10), நெட் 600 (12)
மிச்சம்: 900

பத்தாம் தேதி 4,000 ரூபாய் போனதாக மெசேஜ் வரும்போது திடுக்கிடாது, ஏற்கெனவே பார்த்த தொகை. தினமும் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். பத்து நாளில் நின்றுபோகும், நின்றுபோனதே ஒரு குற்ற உணர்ச்சியாகும், பிறகு நோட்டைத் திறக்கவே கை வராது. ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்தை நிரப்பவேண்டாம், அடுத்த வியாழனுக்குப் போய்விடுங்கள்.

மற்ற ஆறு நாளும் இஎம்ஐ அக்கவுண்ட்டைத் திறக்கவேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எந்தக் கணக்கும் வேண்டாம். பதினொரு மணிக்குப் பார்த்து என்ன செய்யமுடியும்? பேங்க் பூட்டியிருக்கும், வீட்டுக்காரர் தூங்கியிருப்பார், பார்த்தவர்தான் விழித்திருப்பார். நடுராத்திரி பணம் ஞாபகம் வந்து தூக்கம் போனால் தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருங்கள். அதில் மூன்று விஷயம் மட்டும் எழுதவேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி. "கடன் ஏறிக்கொண்டே போகிறது" என்று எழுதக் கூடாது, அதை வைத்து மறுநாள் ஒன்றும் செய்யமுடியாது. "மளிகைக்கடை அண்ணாச்சி, 2,300, 12-ம் தேதி" என்று எழுதினால் காலையில் அண்ணாச்சியிடம் போய் ஆயிரம் இப்போது, மீதி இருபதாம் தேதி என்று பேசலாம். மூன்றில் ஒன்றைக்கூட எழுதமுடியவில்லை என்றால் அந்தக் கவலைக்கு இன்னும் உருவம் இல்லை, வியாழனுக்குத் தள்ளுங்கள்.

வீட்டில் "இந்த மாசம் எப்படிங்க?" என்று கேட்டால் "பாத்துக்கலாம்" என்று சொல்வது வழக்கம். கேட்டவருக்கு அது இன்னும் பயத்தைத்தான் தரும். "பத்தாம் தேதி சீட்டு போனதும் 3,100 மிஞ்சும், அதுல வேனும் நெட்டும் கட்டணும்" என்பது பதில். நோட்டை இருவரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஆனால் மனைவியின் சிறுவாட்டுப் பணத்தை இந்த நோட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எந்தக் கணக்கிலும் வராமல் இருப்பதால்தான் அது அவசரத்துக்கு உதவுகிறது.

சொந்தக்காரர்கள் கைமாற்று கேட்கும்போது உடனே சரி சொல்லிவிட்டு வாரக்கணக்கில் புழுங்குவோம். அதற்கும் வியாழக்கிழமை உதவும். "வியாழக்கிழமை கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன் மச்சான்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொடுப்பதாக இருந்தால் செலவு அக்கவுண்ட்டில் என்ன இருக்கிறதோ அதற்குள்தான்.

வட்டியை ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

கவலையில் இருப்பவர்கள் தவறான கடனை முதலில் அடைப்பார்கள். யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாக் கடனையும் வருஷ வட்டியாக எழுதிவையுங்கள். கைக்கடன் "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, வருஷத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 போகிறது. அதே ஒரு லட்சம் நகையை வைத்து வருஷம் 12 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 1,000. கையில் நகை இருக்க, மூணு வட்டிக்குக் கட்டிக்கொண்டிருப்பது கௌரவத்துக்காக மாதம் 2,000 ரூபாய் கொடுப்பது. ஆனால் நகைக்கடனில் ஒரு கண்ணி இருக்கிறது. மாதா மாதம் யாரும் வட்டி கேட்பதில்லை என்பதால் கட்டாமல் விடுவோம், வருஷ முடிவில் அசலும் வட்டியும் மொத்தமாக வந்து நிற்கும், அப்புறம் ஏல நோட்டீஸ். கேட்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை வட்டியைக் கட்டி ரசீதை அடகுச் சீட்டோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.

கிரெடிட் கார்டில் "மினிமம் டியூ" கட்டிவிட்டோம், தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாக்கி 40,000, மினிமம் 5 சதவீதம் என்றால் 2,000 கட்டுகிறீர்கள். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 1,400. அதன் மேல் ஜிஎஸ்டி 252. கட்டிய 2,000-இல் கடன் குறைந்தது 348 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடும். அதனால் அந்தக் கார்டை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் அடைக்கவேண்டும். சீட்டை முதலிலேயே எடுத்துவிட்டவர்கள் மீதித் தவணை முழுவதையும் இதே பக்கத்தில் கடனாக எழுதுங்கள், அது சேமிப்பு இல்லை.

அவசரத்துக்கு ஆறு மாதச் சம்பளம் சேர்த்து வைக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2,70,000 என்ற எண்ணைப் பார்த்தாலே இன்னொரு கவலை வந்துவிடும். முதல் இலக்கு ஒரு மாத வாடகையும் ஒரு தவணையும்: மேலே சொன்ன வீட்டில் 14,400. அது இருந்தால் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் கூரையும் வண்டியும் நிற்கும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி-யில் இதைச் சேர்க்காதீர்கள். அது ஐந்து வருஷம், மூன்று வருஷத்துக்கு முன் முடிக்கமுடியாது. பேங்க் எஃப்டி-யில், ஒரே துண்டாகப் போடாமல் 3,000, 3,000 ஆகப் போட்டால் தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

கட்டவே முடியாத மாதம்

தேதிக்கு முன்பே நீங்களாகப் போன் செய்யுங்கள். பவுன்ஸ் ஆவதற்கு முன் கேட்பவருக்குத் தவணையை நீட்டிக்கொடுக்க வழி இருக்கும், மூன்று தவணை தவறிய பிறகு பேச்சே வேறு. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் பயந்துகொண்டிருக்காமல் ஒன்றை மட்டும் எடுத்து, பேசியவர் பெயர், நேரம், சொன்ன தொகை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மிரட்டல் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. கடன் கொடுப்பவர்களின் வற்புறுத்தல் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது, மகளிர் குழுக்கடனில் சிக்கியவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. போன் கான்டாக்ட் முழுவதையும் எடுத்துக்கொண்டு மிரட்டும் லோன் ஆப் என்றால் 1930-க்குக் கூப்பிட்டு சைபர் குற்றமாகப் பதியுங்கள். இன்னொரு ஆப்பில் வாங்கி இதை அடைப்பது மட்டும் வேண்டாம்.

இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அதற்கு நோட்டு போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

வருஷத்துக்கு ஒரு தடவை திடுக்கிட வைப்பவை

மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் தனித்தனியாகப் போனதைப் பார்த்துப் பலர் திருட்டு என்று பயப்படுகிறார்கள். அவை பிரதமர் பெயரில் உள்ள ஆயுள், விபத்துக் காப்பீடுகள், இரண்டுக்கும் இரண்டு லட்சம் கவரேஜ். அந்த நாளில் இருப்பு இல்லை என்றால் பாலிசி சத்தமில்லாமல் நின்றுவிடும், அதனால் மே மாதம் 500 ரூபாய் விட்டுவையுங்கள். ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு மாதத் தவணை என்றால் 15 நாள், மற்றதற்கு 30 நாள் தாமதமாகக் கட்டச் சலுகை உண்டு. பைக், கார் இன்சூரன்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை, முடிந்த மறுநாளே வண்டிக்குக் காப்பீடு கிடையாது. 90 நாள் தாண்டினால் நோ-கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். சென்னையில் சொந்த வீடு என்றால் சொத்துவரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள், அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி.

யூபிஐ ஆப்பில் "ஆட்டோபே" என்ற இடத்தையும் அப்போது திறந்து பாருங்கள். ஒரு ரூபாய் ட்ரயல் என்று சேர்ந்த படம் பார்க்கும் ஆப், எப்போதோ நிறுத்திய ஜிம் எல்லாம் அங்கே உயிரோடு இருக்கும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் மெசேஜ் வரவேண்டும், வருகிறது, நாம்தான் படிப்பதில்லை. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் பிடித்தம் நிற்காது. ஆட்டோபே பட்டியலில் போய் ரத்து செய்யவேண்டும்.

கிரெடிட் ரிப்போர்ட்டும் அப்படித்தான். நம் கடன் விவரத்தைச் சேர்த்துவைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுங்கள். ஸ்கோரைப் பார்த்து மூடிவிடாமல் உள்ளே போங்கள். அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா, எப்போதோ ஜாமீன் போட்டது இன்னும் உங்கள் பெயரில் நிற்கிறதா. அடைத்த கடன் பாக்கி என்று இருந்தால் என்ஓசி (கடன் முடிந்தது என்று கொடுத்தவர் தரும் கடிதம்) நகலை இணைத்து, ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்திலேயே தகராறு பதியலாம். என்ஓசி வாங்காமல் விட்டிருந்தால் முதலில் கடன் கொடுத்த கிளைக்குப் போய் அதை வாங்குங்கள்.